தாத்தா பெயரில் திருவொற்றியூர் பள்ளி... பேரன் கையில் சிப் ஆலை! - வெள்ளையன் சுப்பையா கடந்துவந்த பாதை

காலை ஏழு மணிக்கு மணலி புதுநகர் பஸ் நிறுத்தத்துல நின்னு பாருங்க. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினவங்க, ஸ்கூல் பசங்க, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி மடிப்பு கலையாத யூனிஃபார்ம்ல அப்ரன்டிஸ் பையன்கள்னு கூட்டம் நிக்கும். அந்தப் பக்கம் டீக்கடை ஓரமா ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிள். இந்தப் பக்கம் டியூ இன்னும் முடியாத ஒரு லோடு வண்டி. மீஞ்சூர் பக்கம் வயலுக்குப் போகிற ஆட்டோவில் ரெண்டு உர மூட்டை. டீ மாஸ்டர் கையில் சர்க்கரை டப்பா.

சைக்கிள், வண்டிக் கடன், உரம், சர்க்கரை. இந்த நாலு தொழிலிலும் பெரிய ஆளாக இருக்கிற ஒரே தமிழ்க் குடும்பம் எதுன்னு கேட்டா உங்களில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

முருகப்பா குழுமம். டாடா, அம்பானி, அதானின்னு சொன்னா சட்டுனு முகம் ஞாபகம் வரும். ஆனா 2023-24 நிதியாண்டில் சுமார் 78,000 கோடி ரூபாய் வருவாய் பார்த்த, 80,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் இந்தச் சென்னைக் குழுமத்தில் ஒரு முகத்தைக் கூட நம்மில் பலருக்கு அடையாளம் தெரியாது. அவர்கள் பெரும்பாலும் மீடியா பக்கம் வருவதில்லை.

அந்த வழக்கத்தை மீறி உலக அளவில் பேசப்பட்டவர் வெள்ளையன் சுப்பையா. 2024 ஜூனில் மொனாக்கோவில் அவருக்கு 'இ.ஒய். உலகின் சிறந்த தொழில்முனைவோர்' விருது கிடைத்தது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் வெற்றியாளர்கள் போட்டியிட்ட விருது அது. இவருக்கு முன் அதை வாங்கிய இந்தியர்கள் மூன்றே பேர்: இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, உதய் கோட்டக், கிரண் மஜும்தார் ஷா. அந்த மூவரும் தங்கள் நிறுவனத்தைத் தாங்களே தொடங்கியவர்கள். வெள்ளையன், 1900-ல் தொடங்கிய ஒரு குடும்பத் தொழிலின் வாரிசு.

வாரிசுக்கு எதுக்குத் தொழில்முனைவோர் விருதுன்னு கேட்கத் தோணுதா? நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் தேட, முதலில் திருவொற்றியூர் வரைக்கும் போயிட்டு வருவோம்.

பெயர்க் குழப்பமும் ஒரு பள்ளிக்கூடமும்

புதுநகரிலிருந்து மணலி, சாத்தாங்காடு வழியாக கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போனால் திருவொற்றியூர். அங்கே வெள்ளையன் செட்டியார் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. முருகப்பா குடும்பத்தின் ஏ.எம்.எம். அறக்கட்டளை நடத்தும் பள்ளி. வடசென்னையில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நல்லாவே தெரியும்.

அந்த வெள்ளையன் செட்டியாரின் பேரன்தான் வெள்ளையன் சுப்பையா. நகரத்தார் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். அதனால் இந்தக் குடும்பத்தின் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முருகப்பன், வெள்ளையன், அருணாசலம் ஆகிய பெயர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பத் திரும்ப வரும். குழுமத்தின் தலைவராக இருந்த ஏ.வெள்ளையன் வேறு; நாம் பேசும் வெள்ளையன் சுப்பையா வேறு. கூகுளில் தேடினால்கூட இரண்டும் கலந்துதான் வரும்.

குடும்பத்தின் கதை சுருக்கமாக இதுதான். இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் பள்ளத்தூரில் 1884-ல் பிறந்தவர் திவான் பகதூர் ஏ.எம்.முருகப்ப செட்டியார். பதின்ம வயதிலேயே பர்மாவுக்குப் போய், மோல்மேனில் வட்டித் தொழிலைத் தொடங்கினார். 1930-களில், உலகப் போர் வருவதற்கு முன்பே, குடும்பம் முதலீட்டை பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் நகர்த்திக்கொண்டது. ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது எல்லாவற்றையும் இழந்த எத்தனையோ பேர் உண்டு. இவர்கள் தப்பியதற்குக் காரணம் அந்த முன்யோசனை.

பணம் கொடுக்கும் தொழிலில் இருந்தவர்கள், இங்கே வந்து பொருள் செய்யும் தொழிலுக்கு மாறினார்கள். 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ். 1951-ல் அம்பத்தூரில் சைக்கிள் உற்பத்தி. 1954-ல் ஒரு அமெரிக்க நிறுவனம், ஒரு இங்கிலாந்து நிறுவனம் இரண்டையும் கூட்டுச் சேர்த்து கார்போரண்டம் யுனிவர்சல். தச்சர் கையில் இருக்கும் உப்புத்தாள், பட்டறையில் சுழலும் சாணைக்கல் எல்லாம் இவர்களின் சரக்கு. அதன் ஆலை திருவொற்றியூரில். அதே ஊரில் 'அஜாக்ஸ்' என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கே, அந்தப் பெயரிலும் இந்தக் குடும்பத்தின் ஆரம்பகால நிறுவனம் ஒன்று இருந்தது.

அந்தக் காலத்துத் திருவொற்றியூரைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. எம்.ஆர்.எஃப் பலூன் செய்து தொடங்கியது இங்கேதான். 1955-ல் என்ஃபீல்டு வந்தது. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயர் இன்னைக்கு ஒரு மெட்ரோ ஸ்டேஷனுக்கு இருக்கிறது. பக்கத்து எண்ணூரில் அசோக் லேலண்ட். ஆலைச் சங்கு ஊதினால்தான் ஊருக்கே மணி தெரியும் என்றிருந்த பகுதி. அடுத்து மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வந்தன. அந்த ஆலைகளை ஒட்டித் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஊர்தான் நம்ம மணலி புதுநகர்.

முதலில் வெளியே... அப்புறம்தான் உள்ளே!

வெள்ளையனின் அப்பா எம்.வி.சுப்பையா. 1981-ல் முருகப்பா குழுமம் ஈ.ஐ.டி. பாரியை வாங்கியபோது அது தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனம். 1788-ல் தாமஸ் பாரி தொடங்கியது. பாரிமுனை என்ற பெயருக்கே காரணமானது. அந்த நிறுவனத்தை நிமிர்த்தியதில் எம்.வி.சுப்பையாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்பாடு குழுமத்துக்கே தலைமை ஏற்று, 2004-ல் 65 வயதில் ஓய்வு பெற்றார். 2012-ல் பத்ம பூஷண் பெற்றார். பாரிமுனையில் இருக்கும் டேர் ஹவுஸ்தான் இன்னைக்கும் குழுமத்தின் தலைமையகம்.

இப்படி ஒரு அப்பா இருந்தால் காலேஜ் முடிச்சதும் நேரா ஏ.சி. ரூமுக்குப் போயிடலாம்னுதானே நினைப்போம்? வெள்ளையன் அப்படிப் போகவில்லை. ஐஐடி மெட்ராஸில் சிவில் இன்ஜினீயரிங். பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. அதன்பின் மெக்கின்சி, 24/7 கஸ்டமர், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று அடுத்தவர் கம்பெனிகளில் வேலை. அதற்கும் பிறகு லேசர்வேர்ட்ஸின் நிர்வாக இயக்குநர். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களைச் சென்னையில் உட்கார்ந்து பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனம் அது.

சைக்கிளும் இல்ல, உரமும் இல்ல. அடுத்தவர்கிட்ட சம்பளம் வாங்கி, அடுத்தவர்கிட்ட திட்டும் வாங்கிக் கழிந்த வருஷங்கள். குடும்ப நிறுவனங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்தக் கட்டத்தை முக்கியமாகச் சொல்வார்கள். சொந்தக் கம்பெனியில் முதலாளி மகன் செய்யும் தப்பை யாரும் முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க. வெளியே சொல்லிடுவாங்க.

சோழா: சம்பள ஸ்லிப் இல்லாதவருக்குக் கடன்

2010-ல் அவர் குடும்ப நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். அது சோழமண்டலம் இன்வெஸ்ட்மென்ட் அண்ட் ஃபைனான்ஸ். 1978-ல் தொடங்கிய, வங்கி அல்லாத நிதி நிறுவனம். அதற்கு முந்தைய சில வருடங்கள் அதற்கு நல்ல காலம் இல்லை. சிங்கப்பூரின் டி.பி.எஸ் வங்கியோடு கைகோத்து, தனிநபர் கடன்களில் இறங்கி, 2008 உலகப் பொருளாதார நெருக்கடியில் சூடு பட்டிருந்தது. டி.பி.எஸ் விலகிக்கொள்ள, நிறுவனத்துக்குப் பழைய பெயரே திரும்பியது. அந்த நேரத்தில் பொறுப்புக்கு வந்தார் வெள்ளையன்.

இந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்க, மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்தால் போதும். அதில் ஓட்டுநரே முதலாளியாக இருக்கும் வண்டிகளும் உண்டு. அவரிடம் சம்பள ஸ்லிப் கிடையாது. வரிக் கணக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வங்கியில் போய் நின்றால், "அந்த பேப்பர் கொண்டு வாங்க, இந்த பேப்பர் கொண்டு வாங்க" என்பார்கள். ஆனால் அவருக்கு மாதம் எத்தனை டிரிப் கிடைக்கும், டீசல் போக என்ன மிஞ்சும் என்று அந்த ஏரியாவில் அலையும் ஒரு ஃபைனான்ஸ் ஊழியருக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் இந்தத் தொழிலின் மூலதனம். ரிஸ்க் கூட இருப்பதால் வட்டியும் வங்கியைவிடக் கூட இருக்கும். டியூ தவறினால் வண்டி போயிடும் என்கிற பயமும் கூடவே ஓடும்.

வெள்ளையன் காலத்தில் சோழா தன் பழைய பலத்துக்கே திரும்பியது. வாகனக் கடன், சொத்தை அடமானமாக வைத்துத் தரும் கடன் இரண்டிலும் கவனம். சிறு ஊர்களில் கிளைகள். களத்தில் இருக்கும் ஊழியர்களின் கைக்குத் தொழில்நுட்பம். 2017 மார்ச்சில் அது நிர்வகித்த கடன் தொகை சுமார் 34,000 கோடி ரூபாய்.

வாரிசு என்ற அடையாளத்தைத் தாண்டி, நிர்வாகி என்று அவரை எல்லோரும் ஒப்புக்கொண்டது இந்த ஏழு வருடங்களில்தான்.

ஒரு ஷேர் 8 ரூபாய் 56 காசு

2017-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுக்கு நிர்வாக இயக்குநராக வந்தார். சைக்கிள், ஸ்டீல் குழாய், செயின் செய்யும் கம்பெனி. நிதித் தொழில் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்த நேரம். பழைய தொழில்களை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வளர முடியும் என்ற கேள்வி முன்னால் நின்றது.

அப்போது கண்ணில் பட்டது சி.ஜி. பவர். பழைய பெயர் கிராம்ப்டன் கிரீவ்ஸ். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், ரயில்வே கருவிகளில் பெரிய பெயர். ஆனால் 2019 ஆகஸ்டில் அதன் இயக்குநர் குழுவே, கணக்குகளில் பெரிய முறைகேடுகள் நடந்திருப்பதாகப் பங்குச் சந்தைக்குச் சொன்னது. தலைவர் கௌதம் தாப்பர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வங்கிக் கடன் கழுத்தை நெரிக்க, ஆலைகளை ஓட்ட நடைமுறைப் பணம் இல்லாமல் தவித்தது. 2020 மார்ச்சில் அதன் ஷேர் 10 ரூபாய்க்கும் கீழே.

எல்லோரும் ஓடுகிற வீட்டுக்குள் இவர் நுழைந்தார். அதுவும் எப்போ? கொரோனா ஊரடங்கின் நடுவில். 2020 ஆகஸ்டில் ஒப்பந்தம். நவம்பரில் சி.ஜி. பவர், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கைக்கு வந்தது. ஒரு ஷேர் 8 ரூபாய் 56 காசு கணக்கில், சுமார் 700 கோடி ரூபாய்க்கு ஒத்துக்கொண்ட முதலீடு.

இந்த டீலின் சூட்சுமத்தைக் கொஞ்சம் கவனிங்க. பழைய முதலாளியிடமிருந்து ஷேர் வாங்கியிருந்தால், அந்தப் பணம் அவர் பாக்கெட்டுக்குப் போயிருக்கும். இங்கே கம்பெனியே புதுசாக ஷேர் வெளியிட்டு இவர்களுக்குக் கொடுத்தது. அதனால் பணம் கம்பெனிக்குள்ளேயே வந்து விழுந்தது. ஆலைக்கு மூலப்பொருள் வாங்க, வங்கிகளோடு பேசிக் கடனைத் தீர்க்க அது பயன்பட்டது. குழுமத்தில் நீண்ட அனுபவமுள்ள நடராஜன் ஸ்ரீனிவாசன் நிர்வாக இயக்குநரானார், வெள்ளையன் தலைவரானார்.

மோட்டார் செய்யத் தெரிந்த தொழிலாளியும் இன்ஜினீயரும் அங்கே முன்பே இருந்தார்கள். ஆர்டர் கொடுக்க ரயில்வேயும் மின்வாரியங்களும் தயாராக இருந்தன. கெட்டுப்போயிருந்தது மேலே இருந்த நிர்வாகம். அதைச் சரிசெய்ததும் வண்டி ஓடத் தொடங்கியது. கூடவே அதிர்ஷ்டமும் இருந்தது என்பதையும் சொல்லிடணும். ஊரடங்குக்குப் பிறகு நாடு முழுக்க மின் கருவிகளுக்குத் தேவை ஏறியது. கம்பெனி கடன் சுமையிலிருந்து வெளியே வந்தது. 2024-ல் ஷேர் விலை 700 ரூபாயைத் தாண்டியது. சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது.

அப்பா பாரியை நிமிர்த்தினார். மகன் கிராம்ப்டனை நிமிர்த்தினார். இ.ஒய். விருதுக்கான பதில் இங்கேதான் இருக்கு. (இதைப் படிச்சுட்டு நொடிஞ்ச கம்பெனி ஷேரா தேடி வாங்கக் கிளம்பிடாதீங்க. பத்து ரூபாய்க்குக் கீழே போன பல ஷேர்கள் அப்புறம் பூஜ்யத்துக்குத்தான் போயிருக்கு.)

சைக்கிளிலிருந்து சிப் வரை

அடுத்த தாவல் இன்னும் பெரியது. 2024 பிப்ரவரி கடைசியில், குஜராத்தின் சானந்தில் சி.ஜி. பவர் அமைக்கும் செமிகண்டக்டர் ஆலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஜப்பானின் ரெனேசாஸ், தாய்லாந்தின் ஸ்டார்ஸ் மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் கூட்டாளிகள். திட்ட மதிப்பு சுமார் 7,600 கோடி ரூபாய். முழு அளவில் ஓடும்போது ஒரு நாளைக்கு 1.5 கோடி சிப் என்பது இலக்கு. சிப்பை முதலிலிருந்து உருவாக்கும் ஆலை அல்ல இது. வேறெங்கோ செய்த சிப்பை நறுக்கி, உறையிட்டு, சோதித்து அனுப்பும் ஆலை. 2025 ஆகஸ்டில் இதன் முன்னோட்ட உற்பத்திப் பிரிவு தொடங்கிவைக்கப்பட்டது.

'நம்ம ஊர் கம்பெனி, ஏன் குஜராத்துக்குப் போச்சு?' வடசென்னையில் டிப்ளமோ முடிச்சுட்டு வேலை தேடுற தம்பிங்க கேட்கிற கேள்வி இது. இந்த வகை ஆலைகளுக்குத் திட்டச் செலவில் பாதியை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. அதன் மேல் மாநில அரசு தருவது தனி. குஜராத் 2022-லேயே செமிகண்டக்டருக்கென்று தனிக் கொள்கை போட்டது. தமிழ்நாட்டின் கொள்கை 2024 ஜனவரியில் வந்தது. முதலீடு எங்கே போகும் என்பதில் ஊர்ப்பாசத்தைவிட இதற்கெல்லாம் வலு அதிகம்.

சென்னையில் எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது. டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் 'மோன்ட்ரா' எலெக்ட்ரிக் ஆட்டோ 2022-ல் சந்தைக்கு வந்தது. ஒரு காலத்தில் ஹெர்குலிஸ் சைக்கிள் புறப்பட்ட அம்பத்தூரிலிருந்துதான் அதுவும் வருகிறது.

ஒரே தாத்தா, இரண்டு வழிகள்

இதுவரை படித்தது ஒரு வெற்றிக் கதை. ஆனால் இதே குடும்பத்தில் இன்னொரு பேத்தியின் கதையும் இருக்கு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிச்சா அது பாதிக் கட்டுரை.

எம்.வி.சுப்பையாவின் அண்ணன் எம்.வி.முருகப்பன். அவரும் குழுமத்தில் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். 2017-ல் காலமானார். அவருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம். அணுசக்திப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் வாழ்பவர். அதாவது வெள்ளையனுக்குப் பெரியப்பா மகள்.

குடும்பத்தின் பங்குகளை வைத்திருக்கும் மையம், அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ். அதில் இந்தப் பெண்களின் கிளைக்கு எட்டு சதவிகிதத்துக்கும் சற்று மேல் பங்கு. அப்பா இடத்தில் இயக்குநர் குழுவில் தங்களில் ஒருவருக்கு இடம் வேண்டும், இல்லையென்றால் பங்குக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வள்ளியை இயக்குநராக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக விழுந்தவை 91 சதவிகிதத்துக்கும் மேல். பெண் என்பதால்தான் மறுக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். விவகாரம் சட்டத்தின் வாசல் வரை போய், 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரச உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

அந்தச் சமரசத்தோடு சண்டை முடிந்தது. கேள்வி முடியவில்லை. வெள்ளையன் திறமைசாலியா? சோழாவும் சி.ஜி. பவரும் அதற்குச் சாட்சி. ஆனால் அந்தத் திறமையைக் காட்ட அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரே தாத்தாவின் பேத்திக்கு இயக்குநர் குழுவில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. நிரூபித்துக் காட்டும் வாய்ப்பே சிலருக்குத்தான் வரும் என்பதை, ஏசி ரூமில் நடந்த ஒரு வாக்கெடுப்பு நமக்குச் சொல்லிட்டுப் போச்சு.

நம்ம தெருக்களுக்கு இது புதுசா? அப்பா கடையை அண்ணன் பார்த்துப்பான், அக்கா பி.காம் முடிச்சிருந்தாலும் கணக்கு மட்டும் எழுதிக் கொடுப்பாள். மளிகைக் கடையில் நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 78,000 கோடியில் நடந்தால் செய்தி.

பர்மாவிலிருந்து வந்த இரண்டு கூட்டம்

கடைசியாக ஒரு இரவு. 2023 டிசம்பர் 26. மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து, மணலிப் பக்கமிருந்து கசிந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றில் படர்ந்து, மீனவர்கள் வலையைக் கூடத் தொட முடியாமல் இருந்த மாதம் அது. நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கண் எரிய, மூச்சு முட்ட ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். கப்பலிலிருந்து கடலுக்கடியில் வரும் குழாயில் அமோனியா கசிந்திருந்தது. 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குழாய், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையுடையது. முருகப்பா குழுமத்தின் நிறுவனம்.

ஆலை நிறுத்தப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்ட சுற்றுச்சூழல் இழப்பீடு 5.92 கோடி ரூபாய். ஆலையை நிரந்தரமாக மூடணும்னு பெரியகுப்பம் மக்கள் நாள்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள்.

வெள்ளையன் சுப்பையா அந்த நிறுவனத்தை நடத்துபவர் அல்ல. அது குடும்பத்தின் வேறு கிளையினர் தலைமையில் இருப்பது. அந்தக் கசிவை அவர் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை. ஆனால் ஒரு குடும்பப் பெயர் இப்படித்தான் வேலை செய்யும். விருது மேடையில் 'முருகப்பா' என்ற பெயருக்குக் கிடைக்கும் மரியாதையும், பெரியகுப்பத்துப் பந்தலில் அதன் மேல் வரும் கோபமும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் ஏறும்.

அன்று ஓடியவர்களில் எர்ணாவூர் பக்கத்து பர்மா நகர்க்காரர்களும் இருந்தார்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையான பிறகு, கையில் எதுவும் இல்லாமல் கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்களின் குடியிருப்பு அது. முப்பது வருடம் முன்கூட்டியே முதலீட்டோடு வந்த ஒரு குடும்பம், திருவொற்றியூரில் ஆலை கட்டியது. கடைசிக் கப்பலில் வந்தவர்களுக்கு அந்த ஆலைகளின் நிழலில் குடிசை போட இடம் கிடைத்தது. இரண்டு கூட்டமும் ஒரே நாட்டிலிருந்துதான் வந்தது.

ஒரு பார்வையில் பயணம்

1900 - முருகப்ப செட்டியார் பர்மாவில் தொழில் தொடக்கம்
1949 - டி.ஐ. சைக்கிள்ஸ்
1954 - கார்போரண்டம் யுனிவர்சல்
1981 - ஈ.ஐ.டி. பாரி குழுமத்தின் வசம்
2010 - வெள்ளையன் சுப்பையா சோழாவின் தலைமைக்கு
2017 - டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிர்வாக இயக்குநர்
2020 - சி.ஜி. பவர் கையகம்
2024 - சானந்த் சிப் ஆலைக்கு ஒப்புதல், இ.ஒய். உலக விருது

நமக்கு இதில் என்ன?

முதலாளி வீட்டில் பிறக்காதவர்களுக்கும் இந்தப் பயணத்தில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கு. ஒண்ணு, சொந்த இடத்துக்குள் போவதற்கு முன் அடுத்தவர் இடத்தில் வேலை கத்துக்கிறது. ரெண்டு, நொடிஞ்ச இடத்தைப் பார்த்தால் எது கெட்டிருக்கு, எது இன்னும் உயிரோடு இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கிறது. மூணு, தாத்தா சைக்கிள் செய்தார் என்பதற்காக நாமும் சைக்கிளிலேயே நிற்காதது.

இதில் கத்துக்க முடியாதது ஒண்ணு இருக்கு. அது அந்த முதல் நாற்காலி. அது பிறப்பில் வருவது. வள்ளி அருணாசலத்தின் கதையைப் பார்த்தால், சில நேரம் பிறப்பிலும் வராது.

வெள்ளையன் செட்டியார் பள்ளியில் இன்னைக்கு லோடு வண்டி ஓட்டுநரின் மகளும், ஆலைத் தொழிலாளியின் மகனும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து படிக்கிறாங்க. அங்கிருந்து ஒரு பொண்ணு டிப்ளமோ முடிச்சுட்டு, சிப் ஆலையிலோ எலெக்ட்ரிக் ஆட்டோ ஆலையிலோ வேலைக்கு வர்ற நாள் தூரத்தில் இல்லை. அவள் அதோடு நின்னுடாம, ஒருநாள் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் உட்கார முடியுமா? பள்ளியின் பெயர்ப்பலகையில் இருக்கிற தாத்தாவின் அடுத்த தலைமுறைப் பேரன் பேத்திகள்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்.